நத்தை வைத்த தட்டு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, நமூர் நகரப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, என்னைவிட மூத்தவர் எவரேனும் இருந்தால் அந்தப் பெரியோரே, பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் ஃபேலா சில்பர்ஸ்டைனின் வணக்கம்.

அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்று சொன்னால் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். என் தாயின் தட்டைப் பற்றிச் சொன்னால் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆகவே முப்பது ஆண்டுகளாகப் பள்ளி பள்ளியாகச் சென்று அந்தத் தட்டைத்தான் சொல்லிவருகிறேன்.

நீல விளிம்பு. ஆறு குழிகள். நடுவில் எபிரேய எழுத்து. எங்கள் யூதப் பண்டிகையான பாஸ்கா விருந்துக்கு மட்டுமே மேசைக்கு வரும். ஒரு குழியில் கசப்புக் கீரை, ஒரு குழியில் முட்டை. ஏழு வயதில் நான் அதைக் கீழே போட்டேன்; விளிம்பில் பிறை போல ஒரு சில்லு பெயர்ந்தது. அந்த ஆண்டே நாஜிகள் என் பெற்றோரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு லாம்போத் அம்மையார் என்னைச் சைக்கிளில் ஏற்றிக் கன்னியர் மடத்தில் கொண்டுபோய் ஒளித்துவைத்தார். வகுப்புதோறும் அவரை வாழ்த்தினேன்.

சென்ற மாதம், இதே கதை. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“மேடம், அந்தத் தட்டு எங்க வீட்ல இருக்கு.”

“ஆமா, இவங்க வீட்ல ராஜா கிரீடம்கூட இருக்கு!” என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

“வாயை மூடு! நெசமா மேடம். ஓரத்துல உடைஞ்சிருக்கும். நடுவுல இருக்கறது சீன எழுத்துன்னு தாத்தா சொல்வார். கிறிஸ்துமஸுக்கு அதுலதான் நத்தை சமைச்சு வைப்போம்.”

நத்தை! எங்கள் மேசைக்கு விலக்கப்பட்ட நத்தை! என் தாயின் தட்டில்! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், அந்த வகுப்பும் சிரித்தது. நான் அவள் பெயரைக் கேட்டேன். அந்தப் பெண்ணின் பெயர் கோராலின் லாம்போத்.

என்னைக் காத்த கையா எங்கள் அலமாரியைத் திறந்தது? என்னை இறக்கிவிட்ட சைக்கிளிலா அந்தத் தட்டு ஏறியது? எந்தக் கேள்விக்கும் முழு வாக்கியத்தில் விடை சொல்லக் கன்னியர் என்னைப் பழக்கினார்கள். இந்தக் கேள்விக்கு என்னிடம் அரை வாக்கியமும் இல்லை.

அன்று மாலை அவள் தாத்தா ஓமர் தொலைபேசியில் அழைத்தார். லாம்போத் அம்மையாரின் மகன்; சிறு வயதில் என்னோடு விளையாடியவர்.

“ஃபேலா, தட்டை நீயே வச்சுக்கோ. ஆனா எங்க பொண்ணு இதை எங்கேயும் பேசக் கூடாது. எங்கம்மா இல்லேன்னா இன்னிக்கு நீ இருப்பியா?”

“இருக்க மாட்டேன், ஓமர்.”

“அப்புறம் ஏன் அவங்களைத் திருடியாக்கறே?”

“அந்த வார்த்தையை நான் சொல்லலையே. நீதான் சொல்றே.”

போனை வைத்துவிட்டார். மூன்று வாரம் கோராலின் வகுப்பில் வாயே திறக்கவில்லை என்று அவள் ஆசிரியை சொன்னார்.

இன்று காலை, இதோ இந்த வாசலில், துண்டில் சுற்றிய தட்டோடு ஓமர் நின்றார்.

“அது சீன எழுத்து இல்லேன்னு எனக்கு அப்பவே தெரியும் ஃபேலா. உங்க வீட்டு விருந்துல அந்தத் தட்டுலேர்ந்து முட்டை எடுத்துத் தின்னவன் நான். எழுபத்தஞ்சு வருஷமா பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். பொண்ணு பேசட்டும்.”

ஆசிரியர்களே! இழந்தவர்களின் கதையை என்னிடம் கேட்டீர்கள். எடுத்தவர்களின் கதையை யாரிடம் கேட்பீர்கள்? அது எந்த அலமாரியில், எந்தப் பண்டிகைக்காகக் காத்திருக்கிறது? பாதிக் கதையை முழுக் கதை என்று முப்பது ஆண்டு சொன்னவள் நான். மறுபாதி என்னுடையது அல்ல.

பொறுமையாய்க் கேட்டீர்கள், நன்றி. என் வணக்கத்தோடு இந்த ஒலிவாங்கியை விட்டு விலகுகிறேன்.

கோராலின், மேலே வா. முதுகை நிமிர்த்து. முழு வாக்கியமாகச் சொல்.