இந்த வாரம் யாரும் திட்டவில்லை

— கையை ஆட்டாதே. ரத்த அழுத்தம் பார்க்கணும்.

— நாளைக்கு விண்கப்பலுக்கு வெளியே தொங்கிக்கிட்டு பைப் ஒட்டப் போறவன் நான். அழுத்தம் இல்லேன்னாத்தான் டாக்டர் நீங்க பயப்படணும்.

— தூக்கம்?

— கும்பகர்ணன் மாதிரி.

— பொய்.

— சரி, அவன் தம்பி மாதிரி. அக்கா... நேத்து திட்டு நாள்ல என் முறைதானே?

— ஆமா. அதுக்கென்ன?

— வாரம் ஒருத்தரை நடுவுல உட்கார வச்சு, மத்த மூணு பேரும் மனசுல இருக்குறதைக் கொட்டணும். அவன் வாயே திறக்கக் கூடாது. இல்லேன்னா இந்த டப்பாவுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் குதறிடுவோம்னு நீங்கதான் ஆரம்பிச்சு வச்சீங்க.

— என்ன சொல்ல வர்ற?

— போன தடவை பைலட் என் குறட்டையை மட்டுமே அரை மணி நேரம் பேசினான். ஸ்பேனரை எடுத்த இடத்துல வைக்கிறதில்லேன்னு கேப்டன் மானத்தை வாங்கினார். நேத்து? நல்லா உழைக்கிறேன்னு முதுகுல தட்டுறார். பைலட் தன் பங்கு சாக்லேட்டை என் பக்கம் தள்ளுறான். நீங்க... நீங்க என்னைப் பார்க்கவே இல்ல.

— நீ திருந்திட்டேன்னு வச்சுக்கோயேன்.

— நானா? நேத்துக் காலையிலதான் கேப்டனோட காபிப் பையைக் கிழிச்சேன். வீட்டுல யாருக்கு, அக்கா?

— கையை நீட்டு. இன்னொரு தடவை அழுத்தம் பார்க்கிறேன்.

— சொல்லுங்க.

— கிளம்பும்போது உன்னைக் கேட்டாங்க, கெட்ட சேதி வந்தா உடனே சொல்லணுமா, திரும்பின பிறகான்னு. திரும்பின பிறகுன்னு சொன்னது நீதான்டா.

— அப்போ பூமியில நின்னுக்கிட்டு இருந்தேன். வாய்க் கொழுப்பு. இப்போ நானே கேட்கிறேன்.

— நீ கேட்டா நான் சொல்லித்தான் ஆகணும். சொன்னா நாளைக்கு உன்னை வெளியே அனுப்ப முடியாது, ரூல் அப்படி. அப்புறம் இந்த வயசுல கேப்டன்தான் போகணும். பைப் வேலை முடியட்டும்... முடிஞ்சதும் பேசலாம்.

— என் பாப்பாதானே?

— யாருடா உனக்குச் சொன்னா?

— நேத்தே புரிஞ்சுடுச்சு.

— பாவி... அப்புறம் ஏன் சிரிச்சுக்கிட்டே வந்து உட்கார்ந்த? ஒரு நாள் பொறுத்து, போயிட்டு வந்து கேட்டிருக்கலாமே.

— போனா... இடுப்புக் கயித்தை நானே அவுத்துடுவேனோன்னு பயமா இருக்கு அக்கா. சொல்லிடுங்க. சொன்னா என்னை அனுப்ப மாட்டீங்கல்ல.