வளையல் பையில்தான் இருந்தது

என் பெயர் சுபிஷா. வயது பதின்மூன்று. தகப்பனார் பெயர் பிரைட், துபாய் பக்கம் புஜைராவில் எண்ணெய் டாங்கி வெல்டர். தாயார் பெயர் சுகிர்தராணி, நர்ஸ். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம் முட்டம். தற்போது குவைத் மங்காஃபில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே உள்ள பிளாட்டில் தாயாருடன் குடியிருந்து எட்டாம் வகுப்பு படித்து வருகிறேன். பெயர், வயது, விலாசம் முதலில், பிறகு நடந்தது நடந்த வரிசையில் என்று சித்தீக் மாமா இன்று சாயங்காலம் சொல்லிக்கொடுத்தபடியே எழுதுகிறேன். அவர் எங்கள் சாரின் ஆபீஸில் போலீஸ், விசா வேலைகளைப் பார்ப்பவர். நாளைக் காலையில் அவர்தான் என்னைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போய், நான் தமிழில் சொல்வதை அரபியில் சொல்லி எழுதவைக்கப் போகிறார். நான் அங்கே என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது இதில் இல்லை.

எங்கள் சார் குவைத்துக்காரர். அவருடைய வயதான தாயாரை என் தாயார் பார்த்துக்கொள்கிறார். தாயாரின் விசா சார் பெயரில் உள்ளது, என் விசா தாயாரின் பெயரில் உள்ளது. அந்த வீட்டில் சமையலும் மற்ற வேலைகளும் பார்த்தவர் வடிவு அக்கா, முதுகுளத்தூர்ப் பக்கம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவருக்கு இது ஐந்தாவது வருடம். ஊருக்குப் போகக் கேட்டால் சாரின் மனைவி, அதாவது மேடம், நோன்பு முடியட்டும் என்பார், நோன்பு முடிந்தால் ஸ்கூல் லீவு வரட்டும் என்பார். பாஸ்போர்ட் சாரிடம் இருந்தது. அக்காவின் மகளுக்கு என் வயது. அவள் பெரியவளானபோது தண்ணீர் ஊற்றும் சத்தத்தையும் குலவையையும் அக்கா போனில் கேட்டார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் உரித்தபடியே கேட்டார்.

இந்த 2006 ஜூலையில் சாரின் தாயாருக்கு முழங்கால் வைத்தியம் பார்க்க வியன்னாவுக்குப் போனோம். சாரின் சின்ன மகன் யூசுப் நான் ஊட்டினால்தான் சாப்பிடுவான் என்பதால் என்னையும் கூட்டிப் போனார்கள். ஒரு நாள் சாரின் தாயாருடன் என் தாயாரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, சார், மேடம், யூசுப், வடிவு அக்கா, நான் ஆகிய ஐந்து பேரும் ஊர் சுற்றிப் பார்க்க ஒரு வேனில் புறப்பட்டோம். பச்சைக் குடை பிடித்த ஒரு வழிகாட்டி அம்மாள் வந்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

பழைய நகரத்தைச் சுற்றி வளைந்து போகும் பெரிய சாலையில் வேன் போனபோது ஒரு கட்டிடத்தில் நம் கொடியைப் பார்த்தேன். "அக்கா, நம்ம கொடி" என்றேன். அக்கா, "நெசமாவா தாயி? அது யாரு வீடு?" என்று கேட்டார். நம் எம்பஸி என்றேன். வேன் திரும்பும் வரை அக்கா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகு, "அங்கன தமிழ் பேசுவாகளா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

அதன் பிறகு பெரிய கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனோம். வாசலில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. சாணம் தெருவில் விழாமல் இருக்க ஒவ்வொரு குதிரைக்கும் பின்னால் ஒரு பை கட்டியிருந்தார்கள். அக்கா, "குதிரைக்குமா பேம்பர்ஸ்? மேடம் பாத்துச்சுன்னா அதையும் என்னயத்தான் மாத்தச் சொல்லும்" என்றார். நான் சிரித்ததற்கு மேடம் என்னைத் திட்டினார். அங்கே யூசுப் ஐஸ்கிரீம் கையால் மேடத்தின் தங்க வளையலைப் பிடித்துவிட்டான். மேடம் வளையலைக் கழற்றித் துடைத்து, அக்கா தோளில் சுமந்த பையின் முன் ஜிப்பில் போட்டார். அதை நானும் பார்த்தேன், சாரும் பார்த்தார்.

அதன் பிறகு ராஜாக்கள் இருந்த அரண்மனைக்குப் போனோம். அங்கே ஒவ்வோர் அறையைப் பற்றியும் காதில் வைத்துக் கேட்கும் கருவி கொடுத்தார்கள். வழிகாட்டி அம்மாள் தலையை எண்ணி ஐந்து வாங்கினார். ஒரு கருவிக்கு ஒரு பாஸ்போர்ட் ஈடாக வைக்க வேண்டும் என்றார்கள். சார் அவசரத்தில் கைப்பையிலிருந்து ஐந்தையும் எடுத்து மேஜையில் போட்டார். கருவியில் தமிழ் இல்லை. அக்கா ஏதோ ஒரு பாஷையை வைத்துக்கொண்டு கடைசி அறை வரை காதிலிருந்து எடுக்காமல் கேட்டார். "புரியுதாக்கா?" என்றேன். "புரியாட்டி என்னத்தா. ஒரு பொம்பள எங்கிட்ட எம்புட்டு மரியாதையாப் பேசுது" என்றார்.

ஓர் அறையில் வெள்ளை அடுப்பு ஒன்று சுவர் உயரத்துக்கு இருந்தது. வேலைக்காரர்கள் ராஜாவின் கண்ணில் படக்கூடாது என்பதால் சுவருக்குப் பின்னால் ஒரு சந்து வழியாக வந்து விறகு போடுவார்கள் என்று வழிகாட்டி அம்மாள் சொன்னார். இதைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. அடுப்பின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

அதன் பிறகு யூசுப் அழுததால் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். கருவிகளைக் கொடுத்துவிட்டு பாஸ்போர்ட்டுகளை வாங்கி வரச் சொல்லி, "யல்லா, ஜல்தி" என்று சார் எங்கள் இருவரையும் அனுப்பினார். மேஜையில் இருந்த பெண், பெரியவர் என்று பார்த்து ஐந்தையும் அக்கா கையில் கொடுத்தார். அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். தன்னுடையது வந்ததும் போட்டோவைப் பார்த்து, "எம்புட்டு ஒல்லியா இருந்திருக்கேன் பாரு" என்றார். மற்ற நான்கையும் என் கையில் வைத்தார். அதன் பிறகு தோளிலிருந்த பையைக் கழற்றி என் தோளில் மாட்டி, வார் முறுக்கியிருந்ததை நேராக்கிவிட்டு, "நீ போ தாயி, நான் பாத்ரூம் போயிட்டு வாரேன்" என்றார். பாத்ரூம் இடது பக்கம் இருந்தது. அக்கா வலது பக்கம் போனார். நான் கூப்பிடவில்லை.

வெளியே வந்ததும் சார் பாஸ்போர்ட்டை எண்ணினார், மறுபடியும் எண்ணினார், பிறகு உள்ளே ஓடினார். மேடம் என் தோளிலிருந்து பையைப் பிடுங்கி முன் ஜிப்பைத் திறந்து வளையலை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் மற்ற ஜிப்புகளைத் திறந்து பார்த்தார். சாயங்காலம் ஹோட்டலுக்குத் திரும்பும்போது வேன் கம்பியில் அந்த வளையல் தட்டிக்கொண்டே வந்த சத்தம் என் காதில் இருக்கிறது. வழிகாட்டி அம்மாள் இறங்கும் முன் எங்களை எண்ணினார். நான்கு பேர். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நாங்கள் குவைத் திரும்பிய பிறகு, வடிவு அக்கா அந்த எம்பஸிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும், அவரை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது என்றும் எம்பஸியிலிருந்து சாருக்கு போன் வந்தது. அவள் நகை திருடியவள், குவைத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று சார் சொன்னார். அப்படியானால் போலீஸ் கேஸ் பேப்பர் அனுப்புங்கள், அதுவரை அவரை ஊருக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்கிறோம் என்றார்களாம். பேப்பருக்குச் சாட்சி வேண்டும். சாட்சி நான்.

சித்தீக் மாமா இன்று எங்கள் பிளாட்டுக்கு வந்து, "நாலே வரி, புள்ள. ஜிப்பத் தொறந்தா, வளையல எடுத்தா, ஜாக்கெட்டுக்குள்ள வச்சா. பயத்துல அன்னைக்கு நீ சொல்லல. கலாஸ், அவ்ளோதான்" என்றார். மேடம் அன்றே அதைக் கையில் போட்டிருந்தார் என்று சொன்னேன். "அது வேற வளையல்" என்றார். முன் ஜிப்பிலிருந்து எடுத்ததைப் பார்த்தேன் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்கும் அவங்க விசாதான், புள்ள" என்று சொல்லிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு தாயாரிடம் கேட்டேன். "சொல்லிரு மக்ளே. அவளுக்கு எம்பஸி உண்டு. நம்ம விசாவ நாளைக்கே கேன்சல் பண்ணுனா என்ன செய்ய?" என்றார். கழுவி வைத்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவினார். தகப்பனாருக்கு போன் செய்யட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்.

தாயார் தூங்கிய பிறகு பாத்ரூமில் இருந்து இதை எழுதுகிறேன். சொல்லமாட்டேன் என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன், தாயார் விழித்துவிடுவார் என்று பாதியில் நிறுத்தினேன். நாளை அவர்கள் நீட்டும் அரபித் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். நாளை வண்டி ஓட்டப்போகும் சாரின் டிரைவர் கார்மேகம் அண்ணன் வடிவு அக்காவுக்குப் பக்கத்து ஊர். இறங்கும்போது இதை அவர் சீட்டில் வைப்பேன். அவர் இங்கே உள்ள நம் எம்பஸியில் கொடுப்பாரா, சாரிடம் கொடுப்பாரா என்பது எனக்குத் தெரியாது.

வடிவு அக்கா எடுத்தது அவருடைய சொந்தப் பாஸ்போர்ட் ஒன்றைத்தான்.

மேலே உள்ளவை நானே கண்டதும் கேட்டதும் ஆகும். யாரும் சொல்லித்தராமல், எனக்கு எழுதப் படிக்கத் தெரிந்த பாஷையில் எழுதியிருக்கிறேன். என் பெயரில் நாளைய தேதியிட்டு இன்னொரு வாக்குமூலம் வரும். கையெழுத்து இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். இதுதான் நிஜம்.

(ஒப்பம்)
பி. சுபிஷா