பெரிய கோப்பின் பழைய பதிப்புகள்

எங்கள் அலுவலகத்தில் யாராவது பெரிய கோப்பு ஒன்றைச் சேமித்தால் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். வேறு வழியில்லை. நாங்கள் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஒவ்வொரு பதிப்பையும் வைத்திருக்கும் சர்வர் என் பொறுப்பு. நோயாளிக்கு எவ்வளவு கதிர் போக வேண்டும் என்ற அட்டவணைதான் இருப்பதிலேயே பெரிய கோப்பு. அதை முழுசாக நினைவகத்தில் ஏற்றிப் பழைய பதிப்போடு ஒப்பிடப் போய், சர்வர் மூச்சுமுட்டிப் படுத்துவிடும்.

வழி கண்டுபிடித்தவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. அலுவலகத்தில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். பெரிய கோப்பை ஒப்பிடாமல் துண்டு துண்டாக எழுதும்படி சர்வரின் அமைப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தான். அட்டவணையின் கடைசியில் ஒரு வெற்று வரி போட்டுச் சேமித்துக் காட்டினான். முன்பு பிடித்த நினைவகத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. எல்லோரும் கைதட்டினோம்.

மறுவாரம் ஆஸ்பத்திரிப் பொறியாளர் என்னை அழைத்தார். ஓவிய ஆசிரியை ஒருவருக்குத் தொண்டை வெந்துபோயிருக்கிறது, மெஷினை நிறுத்தணுமா என்று கேட்டார்.

"வேண்டாம், பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

பார்த்தேன். அட்டவணையில் இரண்டு எண்வரிசைகள் இடம் மாறியிருந்தன. மாற்றம் நடந்தது மைத்துனன் வெற்று வரி போடுவதற்கு முந்தைய பதிப்பில். மாற்றியவர் பெயர் என்னுடையது.

மேலாளரிடம் எதையும் சொல்லவில்லை. சர்வரில் இடம் போதவில்லை, அந்தக் கோப்பின் பழைய பதிப்புகளைக் கழித்துவிடலாம் என்றேன். தலையாட்டினார். கழிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் இன்னும் நான்கு பேர் அந்த இயந்திரத்தில் படுத்து எழுந்தார்கள். அதன் பிறகுதான் நிறுத்தச் சொன்னேன். எஞ்சியது கடைசிப் பதிப்பு ஒன்றுதான். அதில் மைத்துனன் பெயர் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

அலுவலக விசாரணைக்கு முந்தின நாள் அவன் என் மேஜைக்கு வந்தான்.

"அத்தான், பழைய பதிப்பு எங்கயாவது இருக்கா? நான் வெற்று வரி மட்டும்தான் போட்டேன்."

"இல்லப்பா. எல்லாம் போயிடுச்சு."

சரி அத்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். வேலை போனது. ஆசிரியையும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறான். எனக்குத்தான் நிமிர்ந்து அவன் முகம் பார்க்க முடிவதில்லை.

எல்லாம் போகவில்லை. கழிக்கும் முன் ஒரு வட்டில் நகல் எடுத்து வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன், என்றாவது அவனைக் காப்பாற்றலாமே என்று. இன்ஸ்பெக்டர் சார், நானாகவே வந்து ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவி வெளியே நிற்கிறாள். வட்டு அவள் கையில்தான் இருக்கிறது, நேற்று மதியத்திலிருந்து.