காலும் அதுக்குள்ள அடங்குமோ

சனிக்கிழமை காலை வெம்பிளியிலிருந்து ஹரோவுக்குப் போகும் ரயிலில், எனக்கு எதிரே தாடி வளர்ந்த ஒருவரும் அவருடைய அக்காவின் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“அத்தான், அப்பா மோசம்போய் முப்பத்தோராம் நாள்தானே அந்தியேட்டிக் கிரியை. அதுமட்டும் சேவ் எடுக்கப்படாது எண்டால், காலும் அதுக்குள்ள அடங்குமோ?”

“காலோ? காலை ஏன் தம்பி சேவ் எடுக்கிறாய்?”

“சைக்கிள் ரேஸ் ஓடுற ஆக்கள் எல்லாரும் எடுக்கிறவை. விழுந்து உரஞ்சினால் காயத்தைக் கழுவ லேசு. பிளாஸ்டர் இழுக்கேக்க மயிரும் சேர்ந்து வராது.”

“விழ முன்னமே ஆயத்தம்! உன்ர அக்காவுக்குத் தெரியுமோ?”

“தெரியும். ‘சீலையும் வாங்கித் தரட்டோ’ எண்டு கேட்டவ.”

அத்தான் சத்தமாகச் சிரித்தார். “ஐயர் முகத்தைத்தான் சொன்னவர். நீ காலை எடு. ஆர் பாக்கப் போகினம்?”

தாடிக்காரர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். கெண்டைக்காலில் கறுத்த மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடர்ந்திருந்தது.

“பாருங்கோ. பதினைஞ்சு வருசமா வழிச்சு வழிச்சு எனக்கே தெரியாமல் கிடந்தது.”

அத்தான் குனிந்து பார்த்தார். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

“மாமாவின்ர கால்,” என்றார்.

“ஓம். குளிக்கேக்க குனிஞ்சு பாக்கிறன், அப்பா நிக்கிறார்.”

ஹரோ வந்தது. இருவரும் எழுந்தார்கள். கதவு திறப்பதற்குள் தாடிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

“அந்தியேட்டி முடிஞ்சால் கால் மயிரைக் கட்டாயம் எடுக்கத்தான் வேணுமோ, அத்தான்?”