முன் லென்ஸில் ஒரு கைரேகை

— மூடியைத்தான் கழட்டியாச்சுல்ல, கண்ணுல வைங்களேன். நம்ம வீட்டு ஜன்னல்ல இருந்தே தெரியுது, கப்பல் நங்கூரம் தூக்கிருச்சு.

— பொறு, பொறு. முன் லென்ஸ்ல தூசி இருக்கு. இருபத்தஞ்சு மடங்கு பெருசாக் காட்டுற பைனாகுலர்டி இது, விளையாட்டுச் சாமானா?

— தூசியோட பார்த்தா நம்ம பிள்ளை தெரியமாட்டானா?

— மங்கலாத் தெரிவான். மூணு வருஷம் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்த வேலை. வெள்ளைச் சட்டை, தொப்பியோட மேல்தளத்துல நின்னு கையாட்டுவான். அதைப் போய் மங்கலாப் பார்க்கவா?

— காலையில வாசல்ல கையாட்டிட்டுத்தானே போனான்?

— அது மகன் ஆட்டின கை. இது அதிகாரி ஆட்டற கை.

— அவனா கேட்டான் இந்த வேலையை? அலையைப் பார்த்தாலே தலை சுத்துதும்பான்.

— ஏறினா எல்லாம் சரியாயிடும். நானும் முப்பது வருஷம் துறைமுகத்துல இருந்தவன்.

— கரையில.

— கரைன்னாலும் துறைமுகம்தானே! அந்த ஊதுற ரப்பர் உருண்டையை எடு.

— இந்தாங்க. முந்தானையால ஒரு துடை துடைச்சா முடிஞ்சுது, இதுக்கு ஊதல் வேற.

— முந்தானையா! ஒரு பொட்டு மணல் போதும், கோடு விழுந்துரும். முதல்ல ஊதணும், அப்புறம் பிரஷ், அப்புறம்தான் துணி. நடுவுல இருந்து ஓரத்துக்கு, சுத்திச் சுத்தி.

— நீங்க சுத்தி முடிக்கிறதுக்குள்ள அவன் கப்பல் உலகத்தையே சுத்திரும்.

— ஆச்சு, ஆச்சு. எப்படி மின்னுது பார்!

— எங்க, காட்டுங்க... இங்க என்னமோ ஒட்டியிருக்கே.

— ஐயையோ! எண்ணெய்க் கையை வச்சிட்டியே!

— தெரியாமப் பட்டுருச்சுங்க. பரவாயில்ல, அப்படியே பாருங்க.

— உனக்குப் பரவாயில்ல! லென்ஸ் மேல இருக்கற பூச்சு என்னத்துக்கு ஆகும்? அந்தச் சின்ன பாட்டிலை... வேண்டாம், நீ எதையும் தொடாதே. நானே எடுத்துக்கறேன்.

— சரி சரி, கத்தாதீங்க. நிதானமாவே துடைங்க.

— ரெண்டே சொட்டு... காயட்டும்... ம், இப்ப சரி. கப்பல் எங்க?

— அதோ, கடைசியில, எறும்பாட்டம்.

— பிடிச்சிட்டேன்! அடடா, பின்பக்கம்தான் தெரியுது. ஒருத்தனையும் காணோமே... போச்சு, உன்னாலதான் போச்சு! எவ்வளவு நேரம் ஆட்டினானோ, பாவி மகன், கை வலிச்சிருக்கும்.

— கண்ணைத் துடைங்க. இனி அது திரும்பி வராதுல்ல?

— எப்படிடி வரும்? ஏழு மாசம் ஆகும்.

— நல்லாத் தெரியுமா?

— முப்பது வருஷம் துறைமுகத்துல இருந்தவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?

— அப்ப சரி. டேய், கப்பல் போயிருச்சுடா! பரண்ல இருந்து இறங்கி வா.