ஆறு நிமிஷம் நாற்பது செகண்ட்

தம்பி: ஆறு நிமிஷம் நாற்பது செகண்ட். ஆறு நாற்பதுக்கா!

அக்கா: கேக்குதுடா. கோர்ட்டு வராந்தா முழுக்கக் கேக்குது.

தம்பி: மருந்து தயாரிக்கற ரூமுக்குள்ள போக, தலைலேர்ந்து கால் வரைக்கும் மூடற அந்தச் சுத்த உடுப்பை மாட்டி முடிக்கப் பதினெட்டு நிமிஷம் ஆகுது, அதுவும் வேலை நேரம்தான், அதுக்கும் சம்பளம் குடுன்னு சங்கம் ரெண்டு வருஷமா வழக்கு நடத்துது. சங்கத்து ஆளா நீ போய் ஆறு நாற்பதுல...

அக்கா: கை கழுவினதைச் சேர்த்தா, சேர்க்காமலா?

தம்பி: ரெண்டு தடவை கழுவினதையும் சேர்த்துதான். கோர்ட்டு அனுப்பின கமிஷனர் ஸ்டாப் வாட்ச்சைக் காதுகிட்ட வச்சுப் பார்த்தாராம், நின்னு போச்சோன்னு.

அக்கா: கம்பெனி சார்புல ஒரு பொண்ணு வந்தாளே, அவளுக்கு எவ்வளவு?

தம்பி: பதினாலு.

அக்கா: ஐயோ... கம்பெனி ஆளுக்குப் பதினாலா!

தம்பி: சிரி, நல்லாச் சிரி. குல்லா தரையில பட்டுடுச்சுன்னு கடாசிட்டு, புதுசு எடுத்து முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கா. கம்பெனி வக்கீல் முகத்துல ஈயாடல. அப்புறம் நீ உள்ள போனே... அவருக்கு உயிர் வந்துடுச்சு.

அக்கா: அவ வந்து ஆறு மாசம். எனக்குப் பத்தொன்பது வருஷம். உடுப்பு மாட்டி, உள்கதவு தாண்டினாத்தான் கார்டு தேய்க்கற மெஷினே இருக்கு. சங்கு ஊதினப்புறம் தேய்ச்சா அரை நாள் சம்பளம் போச்சு. வாட்ச்சைப் பார்த்ததும் கை தானா ஓடிடுச்சு.

தம்பி: உன் கல்யாணத்தன்னிக்கு நீ அலங்காரம் முடிச்சு வர்றதுக்குள்ள மாமா நாற்காலியிலேயே தூங்கிட்டாரு.

அக்கா: அன்னிக்கு யாரும் சம்பளம் பிடிக்கல. ஆமா, நான் கேக்கறேன். இருநூறு பேர் இருக்கோம். என் பேரை ஏன் குடுத்தே?

தம்பி: சீனியர்னுதான். வேறென்ன.

டவாலி: யாரும்மா அது? உள்ள விசாரணை நடக்குது. குடும்பச் சண்டைக்கு வேற கோர்ட்டு, ரெண்டாவது மாடி.

தம்பி: மன்னிச்சுக்கங்க சார்... இந்தாக்கா, டீயைக் குடி. ஒரு வழி இருக்குன்னு நம்ம வக்கீல் சொன்னாரு.

அக்கா: பையைத் தொறக்கறப்பவே நினைச்சேன்.

தம்பி: "பதற்றத்துல வேகமா மாட்டிட்டேன், தினமும் இப்படி இல்ல"ன்னு எழுதியிருக்கு. நீ கையெழுத்துப் போட்டா, திரும்ப ஒருதடவை பார்க்கச் சொல்லி மனு போடலாம்.

அக்கா: வேற யாரையாவது அனுப்பு.

தம்பி: ஆளை மாத்த முடியாதாம். அதே ஆள்தான் மாட்டிக் காட்டணும்.

அக்கா: அப்ப முடியாது.

தம்பி: ஏன்?

அக்கா: முடியாதுன்னா முடியாது. விடு.

தம்பி: எப்படி விடறது? பத்து நிமிஷத்துக்குக் கீழ வந்தா அது வேலை நேரமே இல்லன்னு கேஸ் தள்ளுபடிதான். கம்பெனியில நம்ம ஆளுங்க என்ன பேசறாங்கன்னு உனக்குத் தெரியுமா?

அக்கா: தெரியுமே. முந்தின நாள் மேனேஜர் ரூமுக்குப் போயிட்டு வந்தா, மறுநாள் றெக்கை கட்டிட்டு உடுப்பு மாட்டினா. சங்கச் செயலாளர் நீ, உன் அக்காவே விலை போயிட்டான்னு பேசறாங்க.

தம்பி: நான் அப்படிச் சொல்லலையே.

அக்கா: நீ எங்கிட்ட கேக்கவும் இல்லையே.

தம்பி: சரி, இப்பக் கேக்கறேன். மேனேஜர் எதுக்குக் கூப்பிட்டாரு?

அக்கா: இந்த டீயில சக்கரையே இல்ல.

தம்பி: அக்கா.

அக்கா: உடம்புப் பரிசோதனை வருதாம். நாற்பத்தஞ்சு தாண்டினவங்களுக்கு மட்டும். கண்ணு, முதுகு, கை. "உங்களுக்கு ஒண்ணும் இருக்காது, சும்மா சொல்லி வைக்கறேன்"னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

தம்பி: அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அக்கா: அன்னிக்குக் கமிஷனர் பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு ஒருத்தர் நின்னாரே, யாரு?

தம்பி: கம்பெனி டாக்டர்.

அக்கா: உடுப்பு மாட்டறதைப் பார்க்க டாக்டர் எதுக்கு?

தம்பி: ...டீயை ஏன் இடது கையில பிடிச்சிருக்கே?

அக்கா: சூடு.

தம்பி: அது எப்பவோ ஆறிடுச்சு.

அக்கா: சரி, கேட்டுக்கோ. வலது கை தோளுக்கு மேல எழும்பாதுடா. உடுப்புக்கு ஜிப்பு முதுகுல. தினமும் அரைமணி முன்னாடி போய், யாரும் வர்றதுக்குள்ள சுவத்துல சாய்ஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா மாட்டுவேன். அன்னிக்கு அந்த டாக்டர் பார்க்கறாரு. மெதுவாப் போனா மூஞ்சி காட்டிக் குடுத்துடும். பல்லைக் கடிச்சு ஒரே மூச்சுல மாட்டினேன். தகுதி இல்லன்னு அவர் ஒரு வரி எழுதினா, நாளைக்கு என் வீட்டுல உலை கொதிக்காது.

தம்பி: கையெழுத்தாவது...

அக்கா: அன்னிலேர்ந்து விரல் மடங்கல. பேனா எங்க பிடிக்கிறது? இதை உன் மாமாகிட்டகூட நான் சொல்லல.

டவாலி: மருந்துக் கம்பெனித் தொழிலாளர் சங்கம்! செயலாளர் யாரு? அடுத்தது உங்களுதுதான்.

தம்பி: இதோ... வர்றேன் சார்.

அக்கா: நில்லு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போ. இருநூறு பேர்ல என் பேரை ஏன்டா குடுத்தே? சீனியர் கதையெல்லாம் வேணாம்.

தம்பி: ...மூணு மாசமா உனக்குத் தலை வாரி விடறது உன் பொண்ணு. பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். பதினெட்டு நிமிஷத்துக்குள்ள உன்னால மாட்ட முடியாதுன்னு தெரிஞ்சுதான்க்கா குடுத்தேன்.