நாற்பதில் ஒன்று

இந்த அறையின் ஏசி உறுமுகிறது. உள்ளே ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கும். ஆளைக் கூப்பிட்டால் ஐந்து நிமிட வேலை. இருபத்தாறு வருடங்களாக மருத்துவமனையின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். சத்தம் கேட்டால் காது தானாக அங்கே போய்விடுகிறது, மன்னிக்கவும்.

நீங்கள் என் மகள்மேல் விசாரணை அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் ஒரு பகுதி தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

ரத்தப் பரிசோதனையில் ஆபத்தான அளவு தெரிந்தால், ஆய்வகத்தில் இருப்பவர் அதை ஒரு வலைப்பக்கத்தில் பதிவார். அடுத்த நொடியே வார்டு டாக்டரின் கைபேசி அலறும். அதைச் செய்யும் நிரலை, ஸ்கிரிப்ட் என்போம், எழுதியது என் மகள். என் மேசைக்கும் அவள் மேசைக்கும் நடுவே ஒரு பிரிண்டர்தான் இருந்தது. அவள் அம்மா போன பிறகு வீட்டிலும் நாங்கள் இரண்டே பேர்.

பிப்ரவரியில் பழுது தொடங்கியது. பதிவு செய்யும்போது எப்போதாவது ஒரு தடவை திரை வெள்ளையாகிவிடும். நாற்பதில் ஒன்று. மற்ற முப்பத்தொன்பதும் ஒழுங்காகப் போகும்.

"மேடம், உங்க ஸ்கிரிப்ட் இன்னிக்கும் லீவு போட்டுடுச்சு" என்று ஆய்வகப் பெண் போனில் சிரிப்பாள். இவள் எழுந்து ஓடுவாள். போய் நின்றால் எல்லாம் சரியாக இருக்கும்.

"நான் பாக்கும்போது மட்டும் வரவே மாட்டேங்குதுப்பா."

"பல்வலியும் அப்படித்தான். டாக்டர் வாசல் வரைக்கும்தான் வலிக்கும்" என்றேன். சிரித்தாள்.

அந்த வாரம்தான் வெளிநாட்டிலிருந்து அவளுக்கு வேலைக்கான கடிதம் வந்திருந்தது. முதலில் கை குலுக்கியது நான்தான். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "இதை முடிக்காம கிளம்ப மாட்டேன்ப்பா. பாதியில விட்டுட்டு ஓடிட்டான்னு ஒரு பேச்சு வரக் கூடாது" என்றாள்.

காரணத்தை நான் அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டேன். சர்வர்கள் இரண்டு. முதலாவதற்கு மூச்சு முட்டும்போது மட்டும் இரண்டாவது கைகொடுக்கும். அந்த இரண்டாவதில் ஒரு கோப்பு பழைய பதிப்பாகவே கிடந்தது. புதுப்பித்தபோது நான் விட்டுவிட்டது. வேலை அந்தப் பக்கம் போனால் ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்துவிடும். மாற்ற ஒரு நிமிடம் போதும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

அவள் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டாள், பிறகு மறுபடியும் தள்ளிப்போட்டாள்.

தினமும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்காருவாள். சர்வர் செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் கோப்பை வரி வரியாகப் படிப்போம். ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். பத்து வயதுக்குப் பிறகு அவள் என் தோளில் சாய்ந்ததே இல்லை. அந்த நாட்களில் ஒருமுறை அசதியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஒரு மணி நேரம் நான் கையை அசைக்கவில்லை.

பதிவு எந்தச் சர்வருக்குப் போனது என்பது லாக்கில் வரும். அவளுக்குக் கொடுத்த பிரதியில் அந்த வரிகளை நீக்கினேன். அவள் கணினியிலிருந்து போகும் சோதனைகள் எல்லாம் முதல் சர்வருக்கே போகும்படி வைத்தேன். சின்னச் சின்ன வேலைகள்தான்.

ஏப்ரலில் வழக்கமான அப்டேட் ஒன்று வந்து, அந்தப் பழைய கோப்பைத் தானாகவே மாற்றிவிட்டது. நான்கு நாள் பழுதே இல்லை. ஐந்தாம் நாள் அவள் பரண்மேலிருந்த பயணப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். அன்று மதியம் நான் பழைய கோப்பைத் தேடி எடுத்து மறுபடியும் அங்கே வைத்தேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், நான் மெதுவாகவே சொல்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் சரியாக இல்லை. எழுதிய வரியை மூன்று தடவை படிப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். "ஸ்கிரிப்ட்ல இல்லப்பா, என் மூளையிலதான் கோளாறு" என்றாள். "அசடு, நான் இருக்கேன்ல" என்றேன். ஒரு தகப்பன் வேறு என்ன சொல்ல முடியும்? ஜூனில் அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அப்போதாவது நான் சரிசெய்திருக்கலாம். ஆனால் அவள் வேறு இடங்களுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியிருந்தாள்.

வார்டில் படுத்திருந்த அந்தப் பேருந்து ஓட்டுநர் விஷயம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. காலை பதினொன்று இருபதுக்கு ஆய்வகப் பெண் அவருடைய பொட்டாசியம் அளவைப் பதிந்தாள். திரை வெள்ளையானது. மறுபடி அழுத்தினாள். முன்பெல்லாம் இரண்டாவது அழுத்தலில் செய்தி போய்விடும். ஆனால் ஒரே முடிவு இரண்டு முறை பதிவாகிறது என்று, அதைத் தடுக்க என் மகள் முந்தின வாரம்தான் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்திருந்தாள். 'ஏற்கெனவே பதிவாகிவிட்டது' என்று திரையில் வந்தது. ஆய்வகப் பெண் அதை நம்பி அடுத்த குழாயை எடுத்தாள். பதிவானது உண்மை. டாக்டருக்குச் செய்தி போவதற்குள் ஸ்கிரிப்ட் விழுந்திருந்தது.

ஒன்று நாற்பதுக்கு அவர் இதயம் நின்றது. முப்பத்து நான்கு வயது. அவர் மனைவி வராந்தாவில் அவருடைய செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கடந்துதான் சர்வர் அறைக்குப் போனேன். பழைய கோப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். திரும்பி வரும்போதும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வரியை எழுதினது நான்தானேப்பா" என்றாள் என் மகள். அழவில்லை. நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். மறுநாள் உங்களிடம் வந்து, எல்லாம் தன் தவறு என்று எழுதிக் கொடுத்தாள்.

இப்போது அவள் கணினியைத் தொடுவதில்லை. நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, சரியாகப் போட்டோமா என்று என் முகத்தைப் பார்க்கிறாள். தெருவைக் கடக்க என் கை வேண்டும்.

எனவே அறிக்கையில் அவளை விட்டுவிடுங்கள். கோப்பை வைத்தது நான். லாக்கை வெட்டியது நான். அந்த மனிதர் செத்தது என்னால். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஐந்து மணிக்கு அவளுக்கு மாத்திரை கொடுக்க நான் வீட்டில் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவளிடம் சொல்ல வேண்டாம். இந்த உலகத்தில் இப்போது அவள் நம்புவது என்னை ஒருவனைத்தான். அதையும் அவளிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.